கெடா தோட்டப்புறத்தில் வேட்டைத் துப்பாக்கி: உறுப்புகளின் தேர்வும் உரிமத்தின் வரலாறும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வாழ்வை ஆராய்வோர் வெட்டுக்கத்தி, மங்கு, வாளி, காண்டாக் கம்பு ஆகிய கருவிகளைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். அதே தோட்டத்தில் துரையின் பங்களாவில் இருந்த வேட்டைத் துப்பாக்கி நம் ஆய்வுகளில் அத்துணை இடம் பெறவில்லை. தொழிலாளியின் கைக்கு எட்டாத பொருள் அவனுடைய வரலாற்றில் இடம்பெறத் தேவையில்லை என்று கருதப்பட்டிருக்கலாம். ஆனால், ஒரு சமுதாயத்தின் கைக்கு எது எட்டவில்லை என்பதும் அதன் வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

காட்டில் நெடுநேரம் நடப்பவன் தன் துப்பாக்கி இலேசாக இருக்க வேண்டும் என விரும்புவது இயல்பு. அதற்கேற்ற குழல் எது, பொறி எது, கட்டை எது, தோட்டா எது என்று தேர்ந்தெடுப்பது வேட்டைக்காரரின் நெடுநாளைய கலை. கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களில் இத்தேர்வு யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை, ஏன் வாய்க்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை துப்பாக்கி ஒரு தொழில்நுட்பச் சிக்கலாக இருந்ததைவிட உரிமச் சிக்கலாகவே இருந்தது என்பது நம் கருத்தாகும்.

சொற்கள் தரும் சான்று

முதலில் மொழியிலிருந்து தொடங்குவோம். துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மொழியில் தோன்றிப் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. தோட்டா என்பதும் உருது வழி வந்ததே. எனினும், உறுப்புகளுக்குத் தமிழர் தம் சொற்களையே பயன்படுத்தினர். குழல், கட்டை, விசை, மருந்து, ரவை ஆகியவை அவ்வாறு வழங்கியவை. மருந்தைப் பற்றவைக்க மேலெழுந்து அடிக்கும் உறுப்பைக் குதிரை என்றனர். வீணையின் நரம்புகளைத் தாங்கும் உறுப்பையும் குதிரை என்றே வழங்குகிறோம் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

மலாய்மொழியில் துப்பாக்கியைக் குறிக்கும் செனாப்பாங் என்னும் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அதன் மூலச்சொல்லில் கொத்தும் சேவல் என்னும் பொருள் பொதிந்துள்ளது. டச்சுக்காரர் சேவலாகக் கண்ட அதே உறுப்பைத் தமிழர் குதிரையாகக் கண்டனர். குண்டைக் குறிக்கும் பெலுரு என்னும் மலாய்ச்சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்ததாகும். ஆகவே, இப்பொருள் இரு மொழியினருக்கும் கடல்வழி வந்தது என்பதும், அதன் உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தமிழர் அதனோடு பழகியிருந்தனர் என்பதும் தெளிவாகின்றன. அப்பழக்கம் எங்கே அறுந்தது என்பதே அடுத்த வினா.

தாயகத்தில் நிகழ்ந்த ஆயுதக் களைவு

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரில் பெரும்பகுதியினர் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். இப்பகுதிகள் வேட்டை மரபு அற்றவை அல்ல. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்தியவனாகப் புறநானூற்றின் 152ஆம் பாடல் போற்றும் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, பழைய சேலம் மாவட்டத்தினுள் அமைந்திருந்தது.

பாளையக்காரர் போர்கள் முடிவுற்றபின் நிலைமை மாறியது. 1801ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்தமிழகப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்னர், லிட்டன் பிரபு காலத்தில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரிம முறையைக் கொண்டுவந்தது. ஐரோப்பியருக்கு இச்சட்டத்தின்கீழ் விலக்கு அளிக்கப்பட்டதையும், குடகு மக்களுக்கு 1861ஆம் ஆண்டு முதலே தனி விலக்கு இருந்ததையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான தகுதி வேட்டைத் திறனால் முடிவு செய்யப்படவில்லை. அரசு எந்த இனத்தாரை, எந்தக் குடியினரை நம்பியது என்பதே அதனை முடிவு செய்தது.

எனவே, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர், மலாயாவில் ஆயுதமற்றவராக ஆக்கப்படவில்லை; முன்னரே ஆயுதம் களையப்பட்ட மண்ணிலிருந்துதான் வந்தனர். கங்காணி முறையில் வந்தவனுக்குத் தோட்டத்தில் காத்திருந்த நிலை அவனுக்குப் புதியதன்று.

துரையின் தேர்வு

1909ஆம் ஆண்டின் ஆங்கில-சயாம் உடன்படிக்கையின்படி கெடா பிரிட்டனின் ஆதிக்கத்துக்குள் வந்தது. அவ்வாண்டு கெடாவின் பிரிட்டிஷ் ஆலோசகராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் மேக்ஸ்வெல், மலாய்க் காடுகளையும் வேட்டையையும் பற்றி 1907ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டவர். ஆட்சியாளரும் தோட்டத்துரைமாரும் வேட்டையைத் தம் வாழ்முறையின் பகுதியாகவே கொண்டிருந்தனர்.

அவர்களது துப்பாக்கி பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து, அதிலும் குறிப்பாகப் பர்மிங்காம், இலண்டன் நகரங்களிலிருந்து வந்தது. பர்மிங்காமில் ஒரே பட்டறை முழுத் துப்பாக்கியையும் செய்வது அரிது. குழல் செய்பவர் ஒருவர், பொறி செய்பவர் ஒருவர், கட்டை இழைப்பவர் ஒருவர், சித்திரம் செதுக்குபவர் ஒருவர் எனத் தொழில் பகுக்கப்பட்டிருந்தது. முடிந்த குழல் 1813ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையில் மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்க்கப்பட்டு முத்திரை பெற்றது. வாங்குபவர் தம் தோளின் அளவையும் கையின் நீளத்தையும் எழுதியனுப்பி, தமக்கேற்ற உறுப்புகளைக் கேட்டுப் பெற முடிந்தது.

வெப்பமண்டலத்துக்குத் துப்பாக்கி வாங்குவோர் கருத வேண்டியவை பல. ஈரக்காற்றில் மரக்கட்டை உப்பும். குழலில் துரு ஏறும். தாள் உறையுள்ள தோட்டா ஈரம் பட்டுப் பருத்து அறைக்குள் செல்ல மறுக்கும். ஆதலால், ஈரம் தாங்கும் உறையோ பித்தளை உறையோ உடைய தோட்டாக்கள் நாடப்பட்டன. கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வெப்பத்தில் மிகுதியான அழுத்தத்தைத் தந்ததால், கீழை நாடுகளுக்கெனக் குறைத்த அளவு மருந்திட்ட தோட்டாக்களைத் தனியே செய்தனர். 1875ஆம் ஆண்டில் ஆன்சன், டீலி ஆகிய இருவர் வகுத்த பெட்டிப்பொறி அமைப்பு உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. பழுது பார்க்கும் கைவினைஞர் அருகில் இல்லாத தோட்டங்களுக்கு அது பொருத்தமாயிற்று.

எடையே எல்லாவற்றிலும் முதன்மையானது. பன்னிரண்டாம் எண் இரட்டைக்குழல் துப்பாக்கி ஏறத்தாழ 3 கிலோ எடை கொண்டது. ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டைகள் செய்தால் அவற்றுள் ஒன்று பொருந்தும் அகலமுடையது அதன் குழல். அவ்வெண் குறிப்பது அதுவே. யானைக்கும் காட்டெருமைக்கும் உரிய பெரிய ரைபிள்கள் இதைவிடப் பன்மடங்கு வலிமையும் மிகுந்த எடையும் உடையவை. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் முயற்சியாக, குழலின் முனைப்பகுதியில் மட்டும் புரியிட்ட துப்பாக்கியைப் பாஸ்பெரி என்னும் படையதிகாரி 1885ஆம் ஆண்டில் வகுத்தார். பாரடாக்ஸ் எனப் பெயர்பெற்ற அது ரவையையும் தனிக்குண்டையும் சுட வல்லது. ஒரே துப்பாக்கியைச் சுமக்க விரும்பியவருக்கு அது ஏற்றதாயிருந்தது. ரிக்பி நிறுவனத்தின் 0.275 அங்குல ரைபிள் போன்ற இலேசான வகைகளும் இக்காலத்தில் புகழ்பெற்றன. சம்பாவத் புலியை வீழ்த்தியமைக்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907ஆம் ஆண்டில் பரிசளிக்கப்பட்டது அவ்வகையே.

எடை குறைந்தால் தோளில் படும் உதை கூடும். குழல் குறுகினால் குண்டின் வேகம் குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும். எதை இழப்பது என்று முடிவு செய்யும் உரிமையே தேர்வு எனப்படுவது. அவ்வுரிமை துரையிடம் இருந்தது.

தொழிலாளியின் வேட்டை

தோட்டத்தில் வேட்டை பொழுதுபோக்கு மட்டுமன்று. புதிதாக நட்ட ரப்பர்க் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டி எறியும்; முள்ளம்பன்றி பட்டையைக் கடிக்கும்; காட்டோரத் தோட்டங்களில் யானை புகுந்து மிதிக்கும். லயத்தின் பின்புறம் தொழிலாளி போட்ட மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஒரே இரவில் அழிந்துபோகும். துரையின் இழப்பு கம்பெனிக் கணக்கில் எழுதப்பட்டது; தொழிலாளியின் இழப்பு அவனுடைய அடுப்பில் தெரிந்தது.

அவன் கையாண்டவை நாயும், வேல்கம்பும், கண்ணியும் ஆகும். நாய்கள் பன்றியை வளைத்து நிறுத்த, ஆட்கள் நெருங்கிச் சென்று வேல்கம்பால் குத்த வேண்டும். வளர்ந்த ஆண்பன்றி நூறு கிலோவைத் தாண்டக்கூடியது. அதன் கோரைப்பற்கள் தொடையைக் கிழிக்க வல்லவை. துப்பாக்கி தரும் பயன்களுள் தலையாயது தொலைவு. அத்தொலைவு இல்லாதவன் அதன் விலையை உடலால் செலுத்தினான். துரை உறுப்புகளைத் தேர்ந்தது போலவே இவனும் தேர்ந்தான். எந்த நாய் முன்னே செல்லும், எது பின்னின்று காக்கும், எந்த மரத்தின் கம்பு வளையாது என்பன இவனுடைய அறிவுத்துறை. எனினும், அவ்வறிவு எந்த நூலிலும் பதிவாகவில்லை. துரைமாரின் அறிவோ நூல்களாக அச்சேறியது.

இனங்களுக்கிடையிலான உறவும் இவ்வேட்டையில் வெளிப்பட்டது. பன்றி இறைச்சியை உண்ணாத மலாய்க்காரரின் நெல்வயலுக்கும் கம்பத்துத் தோப்புக்கும் அவ்விலங்கு பகையாகும். அதை வேட்டையாடி உண்போர் தமிழரும் சீனரும் பூர்வகுடியினரும் ஆவர். ஆகவே, ஒருவரின் பயிர்க்காப்பு மற்றவரின் உணவாயிற்று. கறியைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் லயத்து உறவுகளை வலுப்படுத்தியது.

வேட்டை விலங்குகள் குறைவதைப் பற்றிய கவலை துரைமாரிடமிருந்தே எழுந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. தோட்டக்காரராக இருந்து பெருவேட்டைக்காரராகவும் பின்னர்ப் பாதுகாவலராகவும் மாறிய தியடோர் ஹப்பக், 1930ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மலாயா வனவிலங்கு ஆணையத்தின் பணியை முன்னின்று நடத்தினார். அதன் அறிக்கை 1932ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பயிரைக் காப்பதா, விலங்கைக் காப்பதா என்னும் வாதத்தில் தோட்டக் கம்பெனிகளின் குரலும் பாதுகாவலர் குரலும் உரக்க ஒலித்தன. லயத்துக் குரலுக்கு அங்கு இடமிருக்கவில்லை.

போரும் துப்பாக்கியும்

இந்நிலையை உலகப்போர் திடீரென மாற்றியது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 11 முதல் 13 வரை கெடாவின் ஜித்ராவில் நடந்த போரில் பிரிட்டிஷ்-இந்தியப் படை ஜப்பானியரிடம் தோற்றுப் பின்வாங்கியது. அப்படையைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங் அலோர் ஸ்டார் அருகே ஜப்பானியரிடம் சரணடைந்து, பின்னர் முதலாவது இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தார். அவ்வகையில் அவ்விராணுவத்தின் வித்து கெடா மண்ணிலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

1943ஆம் ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் பொறுப்பேற்றபின் மலாயாத் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் பெருந்திரளாகச் சேர்ந்தனர். ஜான்சிராணிப் படையில் பெண்களும் சேர்ந்தனர். பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றப்பட்ட ரைபிள்கள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள அந்த ரைபிளை ஏந்திய தோட்டத் தமிழருள் பலருக்கு அதுவே வாழ்நாளில் தொட்ட முதல் துப்பாக்கியாக இருந்திருக்கும். அதன் உறுப்புகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டும் பயிற்சி, கங்காணிக்கும் கிராணிக்கும் தலைகுனிந்து பழகிய ஒரு தலைமுறைக்குத் தன்மதிப்புப் பயிற்சியாகவும் அமைந்தது.

போருக்குப்பின் பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, சீருடையும் அணிவகுப்பும் கொண்டு கள்ளுக்கடை எதிர்ப்பை நடத்தியதில் அப்பயிற்சியின் சாயலைக் காணலாம். அவர்களிடம் இருந்தது ஒழுங்கு. துப்பாக்கி அரசின் கையிலேயே இருந்தது. 1947ஆம் ஆண்டில் கெடாத் தோட்டங்களில் நிகழ்ந்த தொழிலாளர் கிளர்ச்சியின்போது டப்ளின் தோட்டத்தில் காவலர் சுட்டதில் உயிர்ப்பலி நேர்ந்தது.

அவசரகாலமும் இலேசான ரைபிளும்

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மரண தண்டனை என்று விதி செய்யப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். மலாயாத் தமிழரின் நினைவில் துப்பாக்கியும் தூக்குக்கயிறும் இணைந்து நிற்பதற்கு இதுவே காரணமாகும்.

இக்காலத்தில் கூலிம், பாலிங், சீக் வட்டாரக் காடுகளில் சுற்றிய படையினர் கையில் ஒரு புதுவகை ரைபிள் இருந்தது. ஜங்கிள் கார்பைன் என்று பெயர்பெற்ற அது, லீ-என்ஃபீல்டு இராணுவ ரைபிளை இலேசாக்கும் நோக்கில் 1944 முதல் 1947 வரை தயாரிக்கப்பட்டது. குழலைக் குறுக்கினர், முன்கட்டையை வெட்டிக் குறைத்தனர், உலோக உறுப்புகளில் வலிமைக்குத் தேவையற்ற இடங்களைக் குடைந்தெடுத்தனர். இவ்வாறு எடை ஏறத்தாழ 3.2 கிலோவாகக் குறைந்தது. அதற்குரிய விலையும் தர வேண்டியதாயிற்று. குறுகிய குழலின் முனையில் எழும் தீப்பிழம்பை மறைக்கக் கூம்புவடிவ உறுப்பொன்று சேர்க்கப்பட்டது. மிகுந்த உதையைத் தாங்கக் கட்டையின் பின்புறம் ரப்பர்த் துண்டு பொருத்தப்பட்டது. குறி நிலையாக நிற்பதில்லை என்ற குறையும் எழுந்தது.

இந்த ரைபிள் நம் பொருளுக்கு இருவகையில் முக்கியமானது. முதலாவதாக, வேட்டைக்காரர் விரும்பும் இலேசான ரைபிளுக்கு வேண்டிய பண்புகளும் அவற்றுக்குத் தரவேண்டிய விலையும் இந்த ஒரே கருவியில் தெளிவாகப் புலப்படுகின்றன. இரண்டாவதாக, போருக்குப்பின் மிஞ்சிய இத்தகைய இராணுவ ரைபிள்களைக் கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் குடிமக்கள் விலைக்கு வாங்கி, கட்டையை மாற்றியும் குறிகாட்டியை மாற்றியும் மான் வேட்டைக்கு ஏற்றதாக்கிக்கொண்டனர். கெடாக் காட்டில் அதே ரைபிள் பல்லாண்டு நடமாடிற்று. ஆனால், கெடாத் தோட்டத் தமிழன் அதை முள்வேலிக்கு உள்ளிருந்தே பார்த்தான். பின்கட்டையின் ரப்பர்த் துண்டுக்குரிய பால் எந்த நாட்டு மரத்தில் வடிந்ததோ அறியோம். பால் வெட்டியவனும் ரைபிள் ஏந்தியவனும் வேலியின் இருபுறத்தில் நின்றனர் என்பதை மட்டும் அறிவோம்.

லயங்கள் வேலியிடப்பட்டன, உணவுப் பொருளைக் காட்டுப்பக்கம் எடுத்துச் செல்வது குற்றமாயிற்று. இந்நிலையில் நாயோடும் வேல்கம்போடும் வேட்டைக்குச் செல்வதும் உயிருக்கு ஆபத்தான செயலாயிற்று. 1955ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் பாலிங் நகரில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்தது. அவசரகாலம் 1960ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது.

விடுதலைக்குப் பின்

அவசரகாலம் முடிந்த அதே 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிம முறையை நிலைநிறுத்தியது. அச்சட்டத்தின் விளக்கப் பிரிவில், துப்பாக்கியின் உறுப்பு ஒன்றும் ஆயுதமாகவே கொள்ளப்படுகிறது. தனிக்குழலோ தனிப்பொறியோ வைத்திருப்பதும் துப்பாக்கி வைத்திருப்பதற்கு ஒப்பாகும். உறுப்புகளைத் தேர்ந்து இணைத்தல் வேறு நாடுகளில் கைவினைப் பொழுதுபோக்கு. இங்கோ உரிமமற்றவனுக்கு அது பெருங்குற்றம். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. கட்டாய மரண தண்டனை 2023ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

வேட்டைக்கு உரிமம் பெற்றோர் கையில் பொதுவாகக் காணப்படுவது ரவைத் துப்பாக்கியே. நடுவில் ஒடித்துத் தோட்டா இடுவதால் மலாய்மொழியில் அதனைச் செனாப்பாங் பாத்தா, அதாவது ஒடியும் துப்பாக்கி என்பர். ரைபிளின் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பாயும். ரவையோ சிறிது தொலைவிலேயே வலுவிழக்கும். மரவரிசைகளுக்கிடையே ஆட்கள் வேலை செய்யும் தோட்டங்களில் ரவைத் துப்பாக்கியே பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. ஆகவே, கட்டுப்பாட்டின் பின்னே நியாயமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தியாவும் மலேசியாவும் ஒரே 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. மலேசியச் சட்டத்தின் இடத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பேணல் சட்டம் வந்தது. காட்டுப்பன்றியை வேட்டையாடவும் உரிமம் வேண்டும். இதற்கிடையே ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். நாயும் வேல்கம்பும் கொண்ட வேட்டையை அறிந்த முதியோர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று செய்திகள் புலனாகின்றன. தமிழர் துப்பாக்கியை அறியாதவர் அல்லர். அதன் உறுப்புகளுக்குப் பெயரிட்டவர். அவர்களுடைய ஆயுத உரிமை மலாயாவில் அன்று, 1801ஆம் ஆண்டு முதலே தாயகத்தில் பறிக்கப்படலாயிற்று. கெடாத் தோட்டங்களில் இலேசான துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஆளுவோருக்கும் துரைமாருக்கும் இருந்தது. தொழிலாளிக்குப் போர்க்காலம் ஒன்றே இடைவெளியாக அமைந்தது.

துப்பாக்கி கட்டுப்பாடின்றிப் பரவியிருக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. யாரை நம்பி அது கொடுக்கப்பட்டது என்பதே நாம் எழுப்பும் வினா. துரைமாரின் வேட்டை நூல்கள் இன்றும் நூலகங்களில் உள்ளன. நாயை வளர்த்து, கம்பைத் தேர்ந்து, பன்றியின் மூச்சுக்கு எதிரே நின்றவர்களின் அறிவு இன்னும் எழுதப்படவில்லை. கெடாவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் எஞ்சியுள்ள முதியோரிடம் அச்சொற்களையும் செய்திகளையும் கேட்டுப் பதிவு செய்வார்களாயின், தோட்டப்புற வரலாற்றின் விடுபட்ட ஒரு பக்கம் நிறைவுறும்.